ஐயாற்றில் இரண்டு நாள்
(ஓய்வுப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் முறை)

ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்ததும் நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் கல்விச் சுற்றுலா பற்றிய தாள் ஒன்று ஒட்டப்படுவதை மாணவர்கள் அறிவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் துறையின் சார்பில் அத்தகைய தாள் ஒன்றை எழுதி ஒட்டியவன் நான். இரண்டு நாள், பதினோரு இடங்கள். கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் நூலகம், திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், பூம்புகார், தரங்கம்பாடி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சேரும் நேரமும் புறப்படும் நேரமும் குறித்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்து நானே பெருமை கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

பயணம் முடிந்து வந்தபின் மாணவர்களை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலோர் வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதியிருந்தனர். தாராசுரத்துச் சிற்பத்தைப் பூம்புகாரில் கண்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஒரு மாணவர் மட்டும் ஒரு பக்கம் எழுதாமல் இரண்டே வரி எழுதியிருந்தார். "கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டிப் பாலத்தருகே பஸ் டயர் பஞ்சரானபோது முக்கால் மணி நேரம் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது நன்றாக இருந்தது" என்பதே அவர் எழுதியது. முதலில் எனக்குச் சினம்தான் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு, சுவாமிமலையை விட்டுவிடலாமா என்று ஓட்டுநரிடம் கேட்டுக் கொண்டிருந்தேன்.

அந்தச் சுற்றுலாவுக்கு வராத மாணவர்களும் இருந்தனர். தனிப் பேருந்து வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது வந்த தொகையை அவர்களால் கட்ட முடியவில்லை. ஒருவர் காரணம் கேட்டதற்குத் தலைவலி என்றார். தலைவலி எத்தகையது என்பது கல்லூரி ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு அடுத்த ஆண்டு வேறொரு வகையில் பயணம் ஒன்றைத் திட்டமிட்டுப் பார்த்தோம். ஒரே ஊர், அதுவும் சிற்றூர், ஆற்றங்கரையில் உள்ளது, நடந்தே சுற்றி வரக்கூடியது, வழக்கமான பேருந்திலேயே போய்ச் சேரக்கூடியது. இதற்கு நாங்கள் தேர்ந்த ஊர் திருவையாறு. அப்பயணத்தை எவ்வாறு திட்டமிட்டோம், எங்கே பிழை செய்தோம் என்பதை இக்கட்டுரையில் கூறுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் உள்ள எவரும், மாணவராயினும் குடும்பத்தாராயினும், இதனைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

எப்போது செல்வது?

ஆற்றங்கரை ஊருக்குச் செல்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆற்றில் தண்ணீர் உண்டா என்பதே. இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் காவிரியைப் பொறுத்தவரை இஃது அடிப்படையான கேள்வி. வானம் பார்த்த பூமியில் பிறந்த நம் மாணவர்கள் பலருக்குக் காவிரி என்றால் ஆண்டு முழுவதும் கரை புரண்டோடும் ஆறு என்ற எண்ணம் உண்டு. பாட்டிலும் கதையிலும் கேட்ட காவிரி அது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு டெல்டாவில் காவிரி ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் அந்த அணையின் மதகுகளைப் பொறுத்ததாகிவிட்டது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஏறத்தாழ 230 நாள் ஆறு உண்டு. மற்ற நாளில் மணல் உண்டு.

வழக்கம் என்றுதான் சொன்னேனே தவிர, விதி என்று சொல்லவில்லை. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை. அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது, பருவமழை கர்நாடகத்தில் எப்படிப் பெய்தது என்பவற்றைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். மேலும், மேட்டூரில் திறந்த நீர் கல்லணை வந்து சேர மூன்று நாளளவு ஆகும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. நீர் குறைவாக உள்ள காலத்தில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவதும் உண்டு. ஆகவே அணை திறந்திருக்கும் மாதத்தில் போயும் திருவையாற்றுப் படித்துறையில் கணுக்கால் நீரைக் கண்டு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மாற்று எளிது. நாளிதழ்களில் மேட்டூர் நீர்மட்டமும், கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்ற கணக்கும் வெளிவருகின்றன. நம் நூலகத்தில் விளையாட்டுப் பக்கம் கிழிந்து போகும் அளவுக்குப் படிக்கப்படுகிறது. இந்தச் சிறு கட்டத்தை எவரும் பார்ப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக அதைப் பார்க்கத் தொடங்கினால் போதும்.

அடுத்துக் கருத வேண்டியது ஊரின் திருநாட்கள். தியாகராசர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரி மாதத்தில் வரும். சித்திரையில் ஏழூர்த் திருவிழா. ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி. ஆடிப்பெருக்கன்று கரை முழுதும் மக்கள். இவையெல்லாம் காணத் தக்கவையே; ஆனால் இவற்றைக் காணச் செல்வது வேறு, ஓய்வுக்குச் செல்வது வேறு. விழா நாளில் தங்க இடம் கிடைப்பது அரிது. தெருவில் நடக்க இடம் கிடைப்பது அதனினும் அரிது. நாங்கள் ஆவணிக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்தோம். தென்மேற்குப் பருவமழையால் அணை ஓரளவு நிரம்பியிருக்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிராது. மார்கழியும் நல்ல காலம்தான். விடியற்காலையில் சற்றுக் குளிரும் பனியும் இருக்கும். போர்வை ஒன்று கூடுதலாக வேண்டும்.

கோடையில் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம். மாலையில் மணலில் இறங்கி நடக்கும் இன்பம் தனி. ஆனால் பகல் முழுவதும் அறைக்குள் அடைந்து கிடக்க நேரிடும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நலம்.

ஐந்து பாலங்கள்

திருவையாற்றுக்கு ரயில் இல்லை. தஞ்சாவூர் வரை ரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து நகரப் பேருந்து ஏற வேண்டும். தொலைவு 13 கி.மீ. முப்பது, நாற்பது நிமிடப் பயணம். இந்தச் சிறு பயணத்தைத் தூங்கிக் கழித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் புவியியல் பாடத்தில் கழிமுகம் என்றும் கிளையாறு என்றும் கரும்பலகையில் நாங்கள் சுண்ணாம்புக் கட்டியால் கீறிக் காட்டுவதை இந்தச் சாலை கண்ணெதிரே காட்டுகிறது.

தஞ்சையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கையில் முதலில் கரந்தையை ஒட்டி வடவாறு. அடுத்து வெண்ணாறு. அதற்கடுத்து வெட்டாறு. பின்னர்க் குடமுருட்டி. கடைசியாகக் காவிரி. இந்த ஐந்து ஆறுகளால்தான் ஊருக்கு ஐயாறு என்று பெயர் வந்தது என்பர். தலபுராணம் இந்த ஐந்தை வேறு விதமாகவும் கூறும், அது நிற்க. இந்த ஐந்தும் ஒரே நீர்தான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. ஆக, முதல் மூன்று பாலங்களின் கீழ் ஓடுவது வெண்ணாற்றுக் குடும்பம்; கடைசி இரண்டின் கீழ் ஓடுவது காவிரிக் குடும்பம். முறை வைத்து நீர் விடும் காலமாயின் முதல் மூன்றில் நீர் நிறைந்தும் பின்னிரண்டில் குறைந்தும் இருக்கும். அல்லது நேர்மாறாக இருக்கும். மேலே கல்லணையில் எந்தப் பக்கத்து மதகைத் திறந்திருக்கிறார்கள் என்பதைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். எங்களுடன் வந்த மாணவர்களிடம் இதை முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு பாலத்திலும் நீர் எவ்வளவு என்று மட்டும் குறித்துக் கொள்ளச் சொன்னேன். காவிரிப் பாலம் வருவதற்குள் ஒரு மாணவி, "ஐயா, இது இரண்டு கணக்காக வருகிறதே!" என்றார். ஓராண்டு வகுப்பில் எனக்குக் கிட்டாத மகிழ்ச்சி அந்த ஒரு சொல்லில் கிட்டியது.

தங்குமிடம்

ஊரில் சிறு விடுதிகள் சில உண்டு. வசதிகள் எளியவை. முன்னதாகவே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்வது நல்லது. இடம் கிடைக்காவிட்டால் தஞ்சையில் தங்கிக் காலையில் வந்து இரவு திரும்பலாம். ஆனால் அவ்வாறு செய்தால் விடியற்காலைப் படித்துறையை இழந்துவிடுவோம். என் கருத்தில் இந்தப் பயணத்தின் பாதிப் பயன் அங்கேதான் இருக்கிறது. கைப்பையில் ஒரு துண்டு, ஒரு போர்வை, கைவிளக்கு, தண்ணீர்ப் புட்டி, நடந்து பழகிய செருப்பு ஆகியவை போதும். புதுச் செருப்பு வாங்கிக் கொண்டு பயணம் புறப்படுவது நம்மவர்களிடம் உள்ள ஒரு விந்தையான வழக்கம்.

முதல் நாள்

நடந்து சுற்றுவதற்கு ஏற்ற ஊர் எது? கண்ணுக்குத் தெரியும் இரண்டு எல்லைகள் இருந்தால் அந்த ஊரில் எவரும் வழி தவற மாட்டார்கள். திருவையாற்றில் ஒன்று ஆறு, மற்றொன்று கோபுரம். காவிரியின் வடகரையில் ஊர். ஊரின் நடுவே ஐயாறப்பர் கோயில். கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் வீதிகள். வீதிகளிலிருந்து தெற்கே இறங்கும் சந்துகள் எல்லாம் ஆற்றங்கரைக்கே கொண்டு விடும். வரைபடம் தேவையில்லை.

கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பர். முதல் சுற்றுலாவில் இந்தக் கோயிலுக்கு நான் ஒதுக்கியிருந்தது இருபத்தைந்து நிமிடம்! ஐந்து திருச்சுற்றுகள் கொண்ட கோயிலை இருபத்தைந்து நிமிடத்தில் ஓடித்தான் பார்க்க முடியும், ஓடினோம்.

இம்முறை இரண்டரை மணி நேரம் இருந்தோம். தெற்குக் கோபுர வாயிலில் ஆட்கொண்டார் சன்னிதி. அதன் எதிரே குங்கிலியம் புகைந்து கொண்டிருக்கும் குண்டம். உள்ளே சென்றால் வடபுறம் உத்தர கயிலாயம் என்றும் தென்புறம் தட்சிண கயிலாயம் என்றும் இரு தனிக் கற்றளிகள். உத்தர கயிலாயம் முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவரான உலோகமாதேவியார் எடுப்பித்தது. உலோகமாதேவீச்சுரம் என்று கல்வெட்டில் பெயர் பெற்றது. தட்சிண கயிலாயம் முதலாம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவியாரின் திருப்பணி. மன்னர்களின் போர்களை ஆண்டு வாரியாக மனப்பாடம் செய்யும் வரலாற்று மாணவர்கள், அரசியர் இருவர் ஒரே வளாகத்தில் ஒரு தலைமுறை இடைவெளியில் செய்த பணியை நின்று பார்க்க வேண்டும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. கயிலைக்கு நடந்தே செல்ல முயன்று உடல் தேய்ந்த அப்பர், வடக்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, காணும் உயிரெல்லாம் இணை இணையாக வரக் கண்டார் என்பது பெரிய புராணம் கூறும் செய்தி.

கோயிலில் இரண்டு செய்திகள் மாணவர்களை மிகவும் கவர்ந்தன. மூலவரின் சடை பின்புறம் பரந்து கிடப்பதாக நம்பிக்கை. ஆகவே கருவறையை ஒட்டிய சுற்றில் வலம் வருவதில்லை. நடப்பதற்கென்றே வந்த எங்களுக்கு நடக்கக் கூடாத இடம் ஒன்று இருந்தது புதுமையாக இருந்தது. மற்றொன்று எதிரொலி. வெளிச்சுற்றின் தென்மேற்குப் பகுதியில் நின்று "ஐயாறா" என்று அழைத்தால் ஏழு முறை திரும்பி ஒலிக்கும் என்பர். எங்கள் மாணவர்கள் நான்கு வரை எண்ணினர்; ஐந்து என்று ஒருவர் சாதித்தார். இயற்பியல் துறை நண்பர்கள் ஒருமுறை வந்து எண்ணிச் சொல்லட்டும்.

நண்பகல் உணவுக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குத் திட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. இதை எழுதாமல் விடுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "மதியம் என்ன, சார்?" என்று இரண்டு பேர் கேட்டனர். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. சிலர் தூங்கினர். சிலர் திண்ணை ஒன்றில் அமர்ந்து வீட்டுக்காரப் பாட்டியிடம் பேசிக் கொண்டிருந்தனர். மாலையில் அவர்கள் கையில் வெற்றிலை இருந்தது. இப்பகுதிப் படுகைகளில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் மிகுதி. வாடிய வெற்றிலைக்கும் இளம் வெற்றிலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பாட்டி ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார்.

மாலையில் தியாகராசர் சமாதிக்குச் சென்றோம். ஊரிலிருந்து கரையோரமாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. திருவாரூரில் 1767-இல் பிறந்த தியாகராசர் வாழ்ந்ததும் 1847-இல் மறைந்ததும் இவ்வூரில்தான். அவர் வாழ்ந்த வீடு திருமஞ்சன வீதியில் நினைவிடமாக உள்ளது. ஆராதனை நாளில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடகர்கள் கூடி அமர்ந்து பாடுவர். மற்ற நாட்களில் அவ்விடம் அமைதியாக இருக்கும், காற்றும் ஆறும்தான்.

இந்தச் சமாதிக் கோயிலை எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த இசைக் கலைஞர். கேட்பாரற்றுக் கிடந்த சமாதியைப் பற்றி அறிந்து, தாம் இசையால் ஈட்டிய பொருளைச் செலவிட்டு 1920-களில் இக்கோயிலைக் கட்டுவித்தார். ஆனால் அன்று ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. தாம் கட்டிய கோயிலில் தாம் பாட முடியாத நிலை! அவர் முடங்கிவிடவில்லை. பெண்களைக் கொண்டே தனி ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றாகி, பெண்களும் உடன் பாடும் நிலை வந்தது. இவ்வூரிலேயே தங்கி வாழ்ந்து 1952-இல் மறைந்தார். தியாகராசரை நோக்கியபடி அவருடைய நினைவிடமும் அங்கே இருக்கிறது. வருவோரில் பலர் அதைப் பார்க்காமலே திரும்பி விடுகின்றனர். முதல் சுற்றுலாவில் நாங்களும் அப்படித்தான் திரும்பினோம். இம்முறை எங்கள் மாணவியர் அங்கே வெகுநேரம் நின்றனர்.

இரவு உணவுக்கு முன் அசோகா வாங்கித் தின்றோம். பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டும் இந்த இனிப்பு இவ்வூருக்கே உரியது. சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும். வீட்டுக்கு வாங்கிச் செல்வோர் புறப்படும் நாளில் வாங்குக.

படித்துறை: ஓர் எச்சரிக்கை

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில் படித்துறைக்குச் சென்றோம். மராட்டியர் காலத்துப் படித்துறைகள் இங்கே பல. புஷ்ய மண்டபப் படித்துறை அவற்றுள் பெயர் பெற்றது. ஆற்றில் நல்ல நீர். நீச்சல் தெரியாதவர்கள் படியிலேயே குளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இந்த வாக்கியத்தில் உள்ள ஓட்டையை அப்போது நான் உணரவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் கற்பது கிணற்றில். கிணற்று நீர் நிற்கும். ஆழம் எங்கும் ஒன்றாக இருக்கும். பிடிக்கச் சுவர் இருக்கும். ஆற்று நீர் இழுக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவன் அடுத்த அடியில் தலை மூழ்கும் குழியில் இறங்கக் கூடும். மணல் எடுத்த குழிகளை நீர் மூடியிருக்கும்போது கரையிலிருப்பவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

"எனக்கு நீச்சல் தெரியும், சார்" என்று சொல்லிவிட்டு ஒரு மாணவர் கடைசிப் படிக்கு அப்பால் இறங்கினார். நான் தேநீர்க் குவளையோடு மேல்படியில் அமர்ந்திருந்தேன். அவர் நீந்துகிறார் என்றே எண்ணினேன். நீந்தவில்லை, போய்க் கொண்டிருந்தார். கீழே சற்றுத் தொலைவில் மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு எட்டில் எட்டிப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். அவர் அதைப் பெரிதாகக் கருதவில்லை. "கிணத்துல கத்துக்கிட்ட பயலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டிடம் திரும்பிப் போனார். என் கையில் இருந்த குவளை எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்று முதல் எங்கள் துறையின் விதி இது: நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் படியில் அமர்ந்தே குளிக்க வேண்டும். எந்தப் படி வரை பாதுகாப்பு என்பதை அங்கே துணி துவைக்கும் பெண்களிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்; அவர்களுக்குத்தான் அந்த வாரத்து ஆறு தெரியும். அணையில் உபரி நீர் திறந்துவிடப்பட்ட செய்தி இருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. இரவில் ஒரு மட்டம், காலையில் வேறு மட்டம் என்று ஏறிவிடும். ஆசிரியர் தேநீர் குடிப்பதாயின் எல்லோரும் கரையேறிய பின் குடிக்கலாம்.

தில்லைத்தானத்துக்கு நடை

அந்த நிகழ்ச்சிக்குப் பின் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணினேன். கரையேறிய மாணவரே, "நடக்கலாம், சார்" என்றார். கல்லணை நோக்கிச் செல்லும் சாலையில் மேற்கே இரண்டு கி.மீ. அளவில் தில்லைத்தானம். திருநெய்த்தானம் என்பது பாடல் பெற்ற பெயர். இறைவன் பெயர் நெய்யாடியப்பர். இடக்கைப் பக்கம் காவிரி கூடவே வரும். வழியெல்லாம் தென்னையும் வாழையும். நடை வேகத்தில் மட்டுமே தெரியும் பொருள்கள் சில உண்டு. வாழைக்குக் கால் நட்டுக் கட்டியிருக்கும் விதம், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் உள்ள சிறு மதகு, அதைத் திறப்பதில் இருவருக்குள் நடக்கும் சச்சரவு. இந்தச் சச்சரவை எங்கள் மாணவர்கள் கால் மணி நேரம் நின்று கேட்டனர். காவிரி நீர்ப் பங்கீடு பற்றி நாளிதழில் படித்ததை ஒரு முழ அகல வாய்க்காலில் கண்டோம்.

தில்லைத்தானமும் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி ஆகியவையும் திருவையாற்றோடு சேர்ந்து ஏழூர் எனப்படும். ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த ஊர்களுக்கெல்லாம் சென்று திரும்பும். மக்களும் உடன் நடப்பர். ஓய்வுப் பயணத்தில் ஏழையும் முடிக்க ஆசைப்பட வேண்டாம். மீண்டும் பழைய பதினோரு இடக் கதையாகிவிடும். ஒன்று போதும். கால் வலுவுள்ளோர் அடுத்த முறை திருப்பழனத்தை வைத்துக் கொள்ளட்டும்.

பகல் உணவுக்குத் திரும்பினோம். மாலை நான்கு மணிப் பேருந்தில் ஏறினோம். செலவு, தனிப் பேருந்துச் சுற்றுலாவின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. சென்ற முறை தலைவலி என்று சொன்ன மாணவரும் இந்த முறை வந்திருந்தார். அவருக்குப் பேருந்தில் சன்னலோர இடம். குடமுருட்டிப் பாலம் வந்ததும், முன்பு பஞ்சரான இடத்தைப் பழைய மாணவர் ஒருவர் அவருக்குக் காட்டினார்.

இவ்வாண்டும் ஆவணியில் செல்வதாக இருக்கிறோம். அனுமதிப் படிவத்தில் "பார்வையிடும் இடங்கள்" என்ற கட்டத்தில் திருவையாறு என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பயணத்துக்கு ஓரிடம் போதாது, மற்ற இடங்களையும் குறிப்பிடுக என்று எழுதிப் படிவம் திரும்பி வந்துவிட்டது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று நான்கைச் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே கையொப்பமாகி வந்தது.